கழுவிய நீரையும் காத்த காந்தியடிகள்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (தாவரவியல்)

காந்தியடிகளின் வாழ்க்கையை எழுதப் புகுவோர் பெரும்பாலும் உப்பையும் இராட்டையையும் எடுத்துக்கொள்வர். தண்டி யாத்திரையையும் வட்டமேசை மாநாட்டையும் விரித்துரைப்பர். அவையெல்லாம் நாம் பள்ளிப் பருவம் தொட்டே படித்து வருபவை. இக்கட்டுரைக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது மிகச் சிறிய பொருள்: பாத்திரம் விளக்கிய நீரும் குளித்த நீரும். அந்த நீரை அப்பெருமகனார் என்ன செய்தார், ஏன் அவ்வாறு செய்தார் என்பதை அவரது வாழ்க்கையின் வழியே சொல்ல முயல்கிறேன்.

இப்பொருளை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் என் ஆயா. வில்லியனூரை அடுத்த உறுவையாறு எங்கள் ஊர். எங்கள் தெரு மேற்கே உயர்ந்து கிழக்கே தாழ்ந்திருக்கும். கிழக்குக் கோடியில் இருப்பது எங்கள் வீடு. மேலண்டை வீடுகளில் குளிக்கும் நீரும், துணி துவைக்கும் நீரும், பாத்திரம் விளக்கும் நீரும் எங்கள் வாசலுக்கு வந்துதான் நிற்கும். அந்த நீருக்குப் பக்கத்திலேயே திண்ணையில் படுத்து உறங்கி வந்தவர் என் ஆயா. நடுத்தர வயதில் அவருக்கு வலக்காலில் யானைக்கால் நோய் கண்டது. கால் வீங்கிய பிறகு அவர் எந்த வீட்டுத் திருமணத்துக்கும் போனதில்லை. யாரேனும் வீட்டுக்கு வந்தால் சேலையைக் கீழே இழுத்துவிட்டுக்கொள்வார். முன்வினை என்றே அவர் அதை எண்ணி வந்தார். நாங்களும் அப்படித்தான் எண்ணியிருந்தோம்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவள் நான். சென்ற ஆண்டு விலங்கியல் துணைப்பாட வகுப்பில் கியூலெக்ஸ் கொசுவைப் பற்றிப் படித்தோம். அழுக்கு நீர் தேங்கிய இடத்தில் அது முட்டையிடும். ஏழு முதல் பத்து நாட்களில் முட்டை கொசுவாகிப் பறக்கும். ஒருவர் இரத்தத்திலிருந்து இன்னொருவர் உடலுக்கு யானைக்கால் புழுவைக் கொண்டு சேர்ப்பது அதுவே. கொசுவின் உடலில் இப்புழு வளர்வதை மான்சன் என்ற மருத்துவர் கண்டது 1877ஆம் ஆண்டில். நம் புதுச்சேரியும் இந்நோய் நெடுங்காலம் வேரூன்றியிருந்த நிலம். 1975இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கொசு முதலிய நோய்பரப்பிகளை ஆராயும் மையத்தை இங்கே நிறுவியது. 1981 முதல் 1985 வரை அம்மையத்தார் புதுவை நகரில் கொசு ஒழிப்புப் பணியைப் பெரிய அளவில் நடத்தினர். இவற்றையெல்லாம் வகுப்பில் கேட்ட அன்றுதான் எங்கள் வாசல் நீருக்கும் ஆயாவின் காலுக்கும் இருந்த உறவு எனக்கு விளங்கிற்று. அதன் பின்னரே காந்தியடிகளின் நூல்களை வேறு கண்கொண்டு படிக்கத் தொடங்கினேன்.

இளமை

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1869ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் குஜராத்திலுள்ள போர்பந்தரில் பிறந்தார். தந்தை கரம்சந்த் சமஸ்தானத் திவான். தாய் புத்லிபாய் நோன்பும் வழிபாடும் மிக்கவர். அவர்கள் வீட்டுக் கழிவறையைத் துப்புரவு செய்ய ஊக்கா என்றொருவர் வருவார். அவரைத் தொட்டுவிட்டால் குளிக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். பன்னிரண்டு வயது கூட நிரம்பாத சிறுவன் அதை ஏற்கவில்லை. பெற்றோர் சொல்லுக்குப் பணிந்து நடந்தபோதிலும், தொடுதல் எப்படிப் பாவமாகும் என்று அவர்களிடம் வாதாடியதாகப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். நம் வீட்டு அழுக்கை வேறொருவர் சுமந்து செல்கிறார். சுமப்பவரையே நாம் அழுக்கு என்கிறோம். இந்த முரண்பாடு அன்று அச்சிறுவனின் மனத்தில் தைத்தது. பின்னர் வாழ்நாள் முழுதும் அவரை விட்டு நீங்கவில்லை.

இலண்டனில் சட்டம் பயின்று, 1893இல் வழக்கு ஒன்றின் பொருட்டுத் தென்னாப்பிரிக்கா சென்றார். 1896இல் சில மாதங்கள் தாயகம் வந்திருந்தபோது பம்பாயில் கொள்ளைநோய் பரவியது. ராஜ்கோட்டிலும் அச்சம் மூண்டது. அங்கு அமைந்த சுகாதாரக் குழுவில் காந்தியடிகள் சேர்ந்து வீடு வீடாகச் சென்று கழிவறைகளைப் பார்வையிட்டார். ஏழைகள் தடை சொல்லவில்லை. சொன்ன திருத்தங்களையும் செய்தனர். செல்வர் வீடுகளில் சிலர் உள்ளே விடவே மறுத்தனர். அவ்வீடுகளின் கழிவறைகளே இருண்டும் நாறியும் புழு நெளிந்தும் கிடந்தன. தீண்டத்தகாதார் எனப்பட்டவர்களின் குடியிருப்பைப் பார்க்கக் குழுவில் ஒரே ஒருவர்தான் அவருடன் வந்தார். அங்கோ தரை சாணமிட்டு மெழுகப்பட்டிருந்தது. இருந்த சில பாத்திரங்களும் பளிச்சென்று துலங்கின. கழிவறை என ஒன்று அவர்களுக்கு இல்லை என்பதுதான் குறை. பணத்துக்கும் தூய்மைக்கும் தொடர்பில்லை என்பதை அவர் நேரில் கண்ட இடம் அது.

தென்னாப்பிரிக்காவில்

பெரியோர் வாழ்வை எழுதும்போது அவர்தம் பிழைகளையும் மறைத்தல் ஆகாது. 1898ஆம் ஆண்டு வாக்கில் டர்பனில் காந்தியடிகளின் வீட்டில் அவருடைய எழுத்தர்களும் தங்கியிருந்தனர். அறைகளில் கழிவுநீர்க் குழாய் கிடையாது. இரவுக் கலயங்களை யாரேனும் எடுத்துக் கழுவ வேண்டும். அவ்வேலையைக் கணவன் மனைவி இருவருமே செய்து வந்தனர். பஞ்சமர் குலத்துப் பெற்றோருக்குப் பிறந்த ஒரு கிறிஸ்தவ எழுத்தரின் கலயத்தை எடுக்க நேர்ந்தபோது கஸ்தூரிபாய் கண் கலங்கினார். அழுதுகொண்டே எடுத்தார். எடுத்தால் மட்டும் போதாது, முகமலர்ச்சியோடு எடுக்க வேண்டும் என்று சினந்த காந்தியடிகள், மனைவியின் கையைப் பற்றி வாயிற்கதவு வரை இழுத்துச் சென்றுவிட்டார். மனைவி எடுத்துரைத்த பிறகே தம் செயலுக்கு நாணினார். இந்நிகழ்ச்சியைத் தம் வரலாற்றில் அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். ஒரு நல்ல கொள்கையைக் கூடப் பிறர் மேல், அதிலும் வீட்டுப் பெண்டிர் மேல், வலிந்து சுமத்தலாகாது என்ற பாடம் எனக்கு இதில் கிடைக்கிறது. ஏனெனில் வீட்டு நீரைக் கையாளுபவர் நம் நாட்டில் இன்றும் பெண்களே.

1904இல் ஜோகன்னஸ்பர்க்கில் நுரையீரல் கொள்ளைநோய் மூண்டது. இந்தியர்கள் ஓர் ஒதுக்கிடத்தில் நெருக்கிக் குடியமர்த்தப்பட்டிருந்தனர். துப்புரவுக்கு உரிய ஏற்பாடுகளை நகராட்சி அங்கே செய்து தரவில்லை. அந்தக் குறையையே காரணம் காட்டி இந்தியரை அப்புறப்படுத்தவும் முனைந்தது. பொற்சுரங்கம் ஒன்றில் வேலை பார்த்த 23 இந்தியர் நோயுற்று அவ்விடம் வந்து சேர்ந்தனர். பூட்டிக் கிடந்த ஒரு வீட்டைத் திறந்து அதில் அவர்களைக் கிடத்தி, மருத்துவர் காட்பிரேயுடனும் தம் எழுத்தர்களுடனும் காந்தியடிகள் இரவு பகலாகப் பணிவிடை செய்தார். பின்னர் அக்குடியிருப்பு முழுவதும் தீயிடப்பட்டது. துப்புரவு இல்லாத இடத்தில் முதலில் சாவோர் ஏழைகளே. பழியைச் சுமப்போரும் அவர்களே என்பதை அந்த ஆண்டு காட்டிற்று.

அதே ஆண்டில்தான் ரஸ்கினின் நூலொன்றை இரயில் பயணத்தில் படித்து, டர்பனுக்கு அருகே பீனிக்ஸ் குடியிருப்பை நிறுவினார். தம் கையால் உழைத்து வாழும் வாழ்க்கைக்கு அது முதற்படி.

தால்ஸ்தாய் பண்ணை

இனி நம் பொருளுக்கு மையமான இடத்துக்கு வருவோம். டிரான்ஸ்வாலில் சத்தியாக்கிரகம் நடந்துகொண்டிருந்த காலம். சிறை சென்றவர்களின் குடும்பங்கள் ஆதரவின்றித் தவித்தன. 1910ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், காந்தியடிகளின் நண்பரான கட்டடக் கலைஞர் ஹெர்மன் காலன்பாக் தமக்குச் சொந்தமான 1,100 ஏக்கர் நிலத்தை வாடகையின்றி அவர்களுக்கு ஒப்படைத்தார். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவு. லாலி என்னும் இரயில் நிலையம் ஒரு மைல் தூரத்தில் இருந்தது. அந்நிலத்தில் ஆயிரத்தை ஒட்டிய பழமரங்களும் இரண்டு கிணறுகளும் ஓர் ஊற்றும் இருந்தன. அதற்குத் தால்ஸ்தாய் பண்ணை என்று பெயரிட்டனர்.

அங்கு வந்து வாழ்ந்தோர் குஜராத்தியர், தமிழர், தெலுங்கர், வடஇந்தியர். இளைஞர் நாற்பது பேர், முதியவர் இரண்டு மூவர், பெண்கள் ஐவர், சிறுவர் சிறுமியர் இருபது முப்பது பேர். தமிழ்க் குழந்தைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவர் காந்தியடிகளே! கப்பலிலும் சிறையிலும் போப் அவர்களின் கையேட்டைக் கொண்டு கற்ற சிறிதளவு தமிழே அவருக்குத் துணை. வேலைக்காரர் என்று ஒருவரும் இல்லை. சமையல் முதல் துப்புரவு வரை எல்லாம் தம் கையால்தான்.

ஊற்று, குடியிருந்த இடத்திலிருந்து சுமார் 500 கஜம் தள்ளியிருந்தது. தோளில் காவடி கட்டித்தான் நீர் கொண்டுவர வேண்டும். தலையிலும் இடுப்பிலும் குடம் சுமந்தவர்க்கு நீரின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவ்வளவு தூரம் சுமந்து வந்த நீரை ஒருமுறை கழுவிவிட்டு வீதியில் வீசிவிட யாருக்கு மனம் வரும்? பண்ணையில் ஒரு விதி இருந்தது. பாதைகளில் ஒரு சொட்டு நீரும் கொட்டலாகாது. கழுவிய நீர், குளித்த நீர் யாவும் வாளிகளில் சேர்க்கப்பட்டு மரங்களுக்கு ஊற்றப்பட்டன. மிச்சப்பட்ட உணவும் காய்கறித் தோலும் எருவாயின. மலத்துக்கு ஒன்றரை அடி ஆழத்தில் சதுரக் குழி வெட்டி, தோண்டிய மண்ணாலேயே முழுதும் மூடினர். அதனால் நாற்றமில்லை, ஈயும் மொய்க்கவில்லை. அத்தனை பேர் வாழ்ந்த இடத்தில் குப்பையோ அழுக்கோ கண்ணில் படாது என்பதைக் காந்தியடிகள் பெருமிதத்துடன் பதிவு செய்திருக்கிறார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, மலநீரையும் கழுவிய நீரையும் அவர்கள் ஒன்றாகக் கலக்கவில்லை. இரண்டாவது, கழுவிய நீரை நாள்கணக்கில் தேக்கி வைக்கவில்லை; அன்றன்றே மண்ணுக்குக் கொடுத்தனர். மூன்றாவது, அதைக் கொண்டுபோய் ஊற்றியது மரங்களின் அடியில். பச்சையாகத் தின்னும் கீரைக்கு அதை விடவில்லை. இன்றைய சுகாதார அறிவும் வீட்டு நீரை மறுபடி பயன்படுத்துவதற்கு இம்மூன்றையே முதல் விதிகளாகச் சொல்கிறது.

மண்ணுக்குள் நடப்பது

மரத்தடியில் ஊற்றிய அழுக்கு நீர் எப்படித் தூய்மையாகிறது? இதை விளக்குவது தாவரவியல் மாணவியாகிய என் கடமை.

1877இல் பிரான்சு நாட்டு அறிஞர்கள் ஷ்லோசிங், முன்ட்ஸ் இருவரும் ஒரு சோதனை செய்தனர். மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய நீண்ட குழாயில் சாக்கடை நீரை மெல்ல மெல்ல ஊற்றி வந்தனர். சுமார் 20 நாட்கள் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு அடியில் வடிந்த நீரில் அம்மோனியா குறைந்து நைட்ரேட் தோன்றிற்று. அவர்கள் குளோரோபார்ம் ஆவியைக் குழாயினுள் செலுத்தினர்; மாற்றம் நின்றுபோயிற்று. வெறும் இரசாயன வினையானால் குளோரோபார்ம் அதை நிறுத்தியிராது. ஆகவே இவ்வேலையைச் செய்வது உயிர்கள் என்று துணிந்தனர். 1890ஆம் ஆண்டையொட்டி வினோகிராட்ஸ்கி என்னும் ருஷ்ய அறிஞர் அந்த நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார்.

இவ்வுயிர்கள் மேல்மண்ணில்தான் மிகுதி. காற்று அங்கேதான் புகும். எனவே நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டு, மேல்மண்ணுக்குக் கொடுத்தால் அவை அழுக்கை உண்டு செரித்துத் தாவர உணவாக்கிவிடும். இடைவெளியின்றிக் கொட்டினால் மண்ணின் துளைகள் நீரால் அடைபட்டுக் காற்றற்றுப் போகும். அப்போது வேறுவகை நுண்ணுயிர்கள் பெருகும், நீர் கறுக்கும், முட்டை அழுகிய நாற்றம் வீசும். எங்கள் வாசலில் நின்ற நீர் கறுத்து நாறியதற்கு இதுவே காரணம். நீர் அதேதான், அது மண்ணுக்குள் இறங்க வழியில்லாமல் தேங்கியதுதான் தீங்கு.

இலண்டன் மருத்துவர் விவியன் பூர் என்பவர் கிராமச் சுகாதாரம் பற்றி 1893இல் ஒரு நூல் வெளியிட்டார். கழிவை ஆழப் புதைக்கலாகாது, உயிருள்ள மேல்மண்ணிலேயே இட்டு மூட வேண்டும் என்பது அவர் கருத்து. காந்தியடிகள் இம்மருத்துவரைத் தம் எழுத்தில் பலமுறை எடுத்துக் காட்டியுள்ளார். ஒன்பது முதல் பன்னிரண்டு அங்குலம் வரையிலான ஆழமே போதும் என்று பிற்காலத்தில் வலியுறுத்தினார். இராட்டையைப் போற்றியவர் அறிவியலை வெறுத்தவர் என்று எண்ணுவோர் இதை நோக்குக.

தாயகம் திரும்பிய பின்

1915ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் நாள் காந்தியடிகள் இந்தியா வந்தடைந்தார். அவ்வாண்டே ஹரித்துவாரில் கும்பமேளா. பீனிக்ஸிலிருந்து வந்த அவருடைய குழுவினர் அங்கே ஏற்றுக்கொண்ட தொண்டு, திருவிழாக் கூட்டத்தின் மலத்தை மண்ணிட்டு மூடுவது. அவ்வாண்டு மே மாதம் அகமதாபாத்தை அடுத்த கோச்ரபில் ஆசிரமம் தொடங்கினார். 1917இல் அவ்வூரில் கொள்ளைநோய் வரவே ஆசிரமம் சபர்மதிக் கரைக்கு மாறிற்று. அங்கும் துப்புரவுக்கு ஆள் வைக்கவில்லை. ஆசிரமவாசிகளே முறை வைத்துச் செய்தனர்.

1917இல் பீகாரிலுள்ள சம்பாரணில் அவுரி பயிரிட்ட உழவர்களுக்காகப் போராடியபோது, அக்கிராமங்களின் கிணறுகளையும் தெருக்களையும் தூய்மை செய்யவும் தொண்டர்களை அமர்த்தினார். அங்கே பிதிஹர்வாவை அடுத்து ஒரு சிற்றூர். சில பெண்கள் அழுக்குச் சேலையுடன் இருந்ததைக் கண்ட காந்தியடிகள், அவர்கள் ஏன் துவைப்பதில்லை என்று கேட்டறியுமாறு கஸ்தூரிபாயிடம் சொன்னார். ஒரு பெண் கஸ்தூரிபாயைத் தன் குடிசைக்குள் அழைத்துச் சென்று காட்டினாள். பெட்டி இல்லை, அலமாரி இல்லை. உடுத்தியிருந்ததே அவளுடைய ஒரே சேலை. மாற்றுச் சேலை ஒன்று கிடைத்தால் நாள்தோறும் குளித்துத் துவைத்து உடுத்துவதாகச் சொன்னாள். தூய்மையைப் பற்றிப் பேச வருவோர் முதலில் இக்குடிசைக்குள் நுழைந்து வர வேண்டும் என்பேன். வசதி இல்லாதவரை அழுக்கர் என்று இகழ்வது எளிது.

1933 நவம்பரில் தொடங்கி நாடு முழுவதும் தீண்டாமை ஒழிப்புப் பயணம் மேற்கொண்டார். அப்போதுதான், 1934 பிப்ரவரியில், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நம் புதுச்சேரிக்கும் வந்தார். அவ்வாண்டு இறுதியில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் வார்தாவில் உருவாயிற்று. அதன் செயலாளர் தஞ்சையில் பிறந்த தமிழர் ஜே. சி. குமரப்பா. மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கே திருப்பித் தர வேண்டும் என்பதைப் பொருளாதாரக் கொள்கையாகவே வகுத்தவர் அவர். 1935இல் இந்தூர் முறைக் கம்போஸ்டு எருவைப் பற்றிக் காந்தியடிகள் தம் ஹரிஜன் இதழில் எழுதி நாடறியச் செய்தார்.

அதே ஆண்டு வார்தாவை ஒட்டிய சிந்தி கிராமத்தில் அவரும் அவருடைய செயலர் மகாதேவ தேசாய் முதலிய தோழர்களும் காலைதோறும் வாளியும் மண்வெட்டியும் ஏந்திச் சென்று தெருவைத் துப்புரவு செய்தனர். ஊரார் மனம் மாறினரா? இல்லை. நாட்கள் பல கடந்தும் தெருவை அசுத்தப்படுத்துவது நிற்கவில்லை. இங்கேயும் கிடக்கிறது, எடுங்கள் என்று காட்டியோரும் உண்டு. இருப்பினும் அவர் வேலையை விடவில்லை. 1936இல் சேகாவ்ம் என்னும் சிற்றூரில் குடியேறினார். அதுவே பின்னர் சேவாகிராமம் ஆயிற்று. அங்கு சென்ற சில மாதங்களில் மலேரியா அவரையே பிடித்து வார்தா மருத்துவமனையில் கிடத்திற்று. 1941இல் வெளியிட்ட நிர்மாணத் திட்டத்தில் கிராமத் துப்புரவையும் சுயராஜ்யத்தின் ஓர் உறுப்பாகவே சேர்த்தார். 1948ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் தில்லியில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அம்பேத்கர் எழுப்பிய கேள்வி

இங்கு ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. துப்புரவுத் தொழிலைக் காந்தியடிகள் உயர்ந்த தொண்டாகப் போற்றியதை டாக்டர் அம்பேத்கர் கடுமையாக மறுத்தார். பிறப்பினால் அத்தொழிலில் தள்ளப்பட்டவர்களிடம் அதன் புனிதத்தைப் பேசுவது அவர்களை அதிலேயே கட்டிப்போடும் என்பது அவர் வாதம். அதில் உண்மை உண்டு. மனிதர் கழிவை மனிதர் கையால் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 1993இலும், அதனினும் விரிவான சட்டம் 2013இலும் வந்தன. அவற்றுக்குப் பின்னும் கழிவுநீர்த் தொட்டிகளில் இறங்கி மாண்டோர் செய்தியை நாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

இரு பெரியோர் கருத்தையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான். தன் வீட்டு நீரின் வேலையைத் தன் வீட்டு எல்லைக்குள்ளேயே முடிப்பவனுக்கு அதைச் சுமக்க வேறொருவன் தேவைப்படுவதில்லை. தால்ஸ்தாய் பண்ணையின் வாளி கற்பிப்பதும் இதுவே. கழிவை இன்னொரு சாதியிடமோ, இன்னொரு தெருவிடமோ, பள்ளத்து வீட்டிடமோ தள்ளிவிடாதிருத்தலே துப்புரவு.

நம் வாசலில்

பண்ணையின் முறையை அப்படியே நம் தெருவுக்குக் கொண்டுவர முடியாது. அங்கே 1,100 ஏக்கர். இங்கே பல வீடுகளுக்குக் கொல்லை கூட இல்லை. நெருக்கமான தெருவில் கிணற்றுக்கருகே மலக்குழி வெட்டினால் நிலத்தடி நீர் கெடும். அக்காலச் சோப்பு வேறு. இன்றைய சலவைத்தூள் வேறு. அதிலுள்ள உப்பு தொடர்ந்து சேர்ந்தால் மண் இறுகும். ஆகவே முறை சற்று மாற வேண்டும். ஜெர்மனியில் கேத்தே சைடல் என்ற பெண் அறிஞர் 1950களில் நாணல் வகைகளைக் கொண்டு கழிவுநீரைத் தூய்மை செய்யும் ஆய்வைத் தொடங்கினார். ஜல்லிப் படுகையில் நாணலோ கல்வாழையோ நட்டு அதன் ஊடே நீரைச் செலுத்தும் வழி அதிலிருந்து வளர்ந்தது. வேர்களைச் சுற்றியும் கற்களின் மேலும் படியும் நுண்ணுயிர்கள்தாம் அங்கே வேலையாட்கள். நமக்கு அருகே ஆரோவில்லில் இத்தகைய படுகைகள் அமைத்து, தெளிந்த நீரைத் தோட்டத்துக்கு விடுகின்றனர்.

எங்கள் வீட்டில் ஒரு நாள் நீரை எண்ணிப் பார்த்தேன். குடிக்கவும் சமைக்கவும் போக, கழுவியும் குளித்தும் வெளியே விட்டது 14 குடம். முன்பு குழாயடியிலிருந்து சுமந்த காலத்தில் இதில் பாதிகூட இராது என்றார் அம்மா. குழாய் வீட்டுக்குள் வந்துவிட்டது. நீர் போகும் வழி மட்டும் வரவில்லை.

சென்ற தை மாதத்தில் அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகாமல் எனக்கு உதவினார். கொல்லையில் எண்ணெய்ப் பசையும் சோற்றுப் பருக்கையும் தங்குவதற்கு ஒரு சிறு தொட்டி, அதையடுத்து ஜல்லியும் மணலும் நிரப்பிய முழங்கால் ஆழப் பள்ளம், அதில் கல்வாழை, கடைசியில் இரண்டு வாழை. நீர் ஜல்லிக்குக் கீழேயே ஓடுவதால் கொசு முட்டையிட மேலே நீர்ப்பரப்பு இல்லை. தொட்டியை மூடி வைத்து, வாரம் ஒருமுறை வாரிவிட வேண்டும். மறந்தால் நாறும், இருமுறை மறந்து நாறியது. கழிவறை நீரை இதில் விடுவதில்லை. கீரைப் பாத்திக்கும் இந்நீரைப் பாய்ச்சுவதில்லை.

நம்முடையது பள்ளத்து வீடு. நம் நீரை நிறுத்தி என்ன பயன், மேலே இருந்து வருவது வந்துகொண்டுதானே இருக்கிறது என்று அம்மா கேட்டார். அது உண்மைதான். எங்கள் வாசலில் நீர் இன்றும் நிற்கிறது. முன்னைக்குச் சற்றுக் குறைவு, அவ்வளவே. ஆனால் மேலண்டை வீட்டுப் பெரியம்மா, எத்தனையோ முறை எங்களோடு இந்த நீருக்காகச் சண்டையிட்டவர், ஒருநாள் கொல்லைப்புறம் வந்து பார்த்துவிட்டு ஒரு கல்வாழைக் கன்று கேட்டு வாங்கிப் போனார். நட்டாரா என்று இன்னும் நான் போய்க் கேட்கவில்லை. டர்பன் வீட்டு நிகழ்ச்சி நினைவுக்கு வந்து என்னைத் தடுத்துவிட்டது.

அரிசி கழுவிய நீரை வாழைக்கு ஊற்றுவது இப்போது ஆயாவின் வேலை. காலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து உலர்த்த வேண்டும் என்று சுகாதார நிலையத்தில் சொன்னதை இப்போது தவறாமல் செய்கிறார். அவர் கால் பழையபடி ஆகாது. ஆனால் அது முன்வினையால் வந்ததன்று என்பது மட்டும் அவருக்குத் தெரிந்துவிட்டது. சென்ற ஆவணியில், பல ஆண்டுகளுக்குப் பின், ஒரு திருமணத்துக்குப் போய் வந்தார்.

மாணவ நண்பர்களே! அக்டோபர் 2ஆம் நாள் நாம் துடைப்பம் ஏந்திக் கல்லூரி வளாகத்தைப் பெருக்குகிறோம். நல்ல காரியமே. அத்துடன் இன்னொன்றும் செய்வோம். ஒருநாள் காலையில் நம் வீட்டுத் தொட்டி முற்றத்திலிருந்து வெளியேறும் நீரின் பின்னாலேயே நடந்து செல்வோம். அது எங்கே போகிறது, யார் வீட்டு வாசலில் போய் நிற்கிறது, அந்த வாசலில் யார் படுத்து உறங்குகிறார் என்று பார்த்துவிட்டு வருவோம். காந்தியடிகளின் வாழ்க்கையைப் படித்ததன் பயன் அந்நடையிலிருந்து தொடங்கட்டும்.